காற்றில்லாத நாட்களில் நின்ற கிரேன்

என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில், கோபுர கிரேனுக்குக் கீழே நின்று மேலே இருப்பவருக்குக் கையால் சைகையும் வாக்கி டாக்கியில் வார்த்தையும் கொடுப்பது என் வேலை. மேலே இருப்பவர் அவர். அவரை அண்ணாந்து பார்த்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. பெண் கொடுத்தவர்கள் மாப்பிள்ளையைக் கொஞ்சம் உயரத்தில் வைப்பது உலகத்தில் உள்ளதுதான். இவ்வளவு உயரத்தில் வைத்தவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

சைட்டில் அவருக்குப் பெயர் பருந்து. வட்டமடிப்பதால் அல்ல, எதையும் விடாமல் பார்ப்பதால். எந்த மொட்டை மாடியில் துணி காய்கிறது, எந்தத் தெருவில் லாரி மாட்டிக்கொண்டு நிற்கிறது, மேஸ்திரி எந்தச் சுவருக்குப் பின்னால் தூங்குகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டார். "மேஸ்திரி, வெயில் அந்தப் பக்கம் திரும்புது" என்று வாக்கியில் பொதுவாகச் சொல்வார். மேஸ்திரி எழுந்துவிடுவார்.

அவருடைய கேபினுக்குள் செருப்போடு போகக் கூடாது. ஏணியின் கடைசிப் படியருகே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். பழைய சட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு நாலு பக்கக் கண்ணாடியையும் தினமும் துடைப்பார். இரும்புக் கம்பிக் கட்டாக இருந்தாலும் சரி, சிமெண்ட் மூட்டையாக இருந்தாலும் சரி, அவர் இறக்கினால் தரையில் பட்டதே தெரியாது. தூங்குகிற குழந்தையைத் தோளிலிருந்து பாயில் கிடத்துவது போல இருக்கும். இதைப் பார்த்துத்தான் என் தங்கையைக் கொடுத்தேன். ஜாதகம், சம்பளம் எதுவும் நான் கேட்கவில்லை.

கொடுத்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. அவரேதான் கேட்டார். என் தங்கை ஒருநாள் வீட்டுச் சாவியைக் கொடுக்க சைட் வாசலுக்கு வந்தாள். மேலேயிருந்து பார்த்தவருக்கு அவள் தலை வகிடு மட்டும்தான் தெரிந்திருக்கும். அன்று சாயங்காலம் கடைசிக் கட்டு கம்பியை இறக்கிவிட்டு வாக்கியில், "அண்ணே, இனிமே உங்களை மச்சான்னு கூப்பிடலாமா?" என்றார்.

"முதல்ல கொக்கியைக் கழட்டிக்கிறேன். அப்புறம் பேசலாம்" என்றேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாக்கியில் ஒருவர் பேசினால் சைட் முழுக்கக் கேட்கும். கான்கிரீட் பம்பு ஓட்டுகிறவர் குறுக்கே வந்து, "கொடுத்துடுங்கப்பா, நல்ல மனுஷன்" என்றார். இப்படித்தான் எங்கள் வீட்டுச் சம்பந்தம் பேசி முடிந்தது.

என் தங்கை மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளர். அவளுடைய வேலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கசாப்புக் கூடத்திலிருந்து பன்றியின் சிறுநீர்ப்பை வரும். அதன் தசையிலிருந்து ஷூ லேஸ் அகலத்தில் கீற்றுக் கீற்றாக வெட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசல் உள்ள கண்ணாடிக் குழாயில் தொங்கவிடுவாள். அது சுருங்குவதையும் தளர்வதையும் கம்ப்யூட்டர் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. "இன்னைக்கு வந்தது ஒரே அடம். என்ன ஊத்தினாலும் அசையல" என்பாள், ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவார்.

இந்த வீட்டில், இந்த மனைவியை வைத்துக்கொண்டுதான், மனிதர் அந்தச் சங்கதியை வருஷம் முழுக்க மறைத்திருக்கிறார்.

நான் முதலில் கவனித்தது காற்றைத்தான். காற்று பலமாக அடித்தால் கிரேனை நிறுத்த வேண்டும். எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிற உரிமை மேலே இருப்பவருடையது. கிரேன் உச்சியில் ஒரு காற்று மீட்டர் சுழன்றுகொண்டிருக்கும். அது காட்டுவதை எஞ்சினியர் தன் அறையிலிருந்தே பார்க்கலாம். ஒருநாள் மாப்பிள்ளை, "மச்சான், காத்து அதிகமா இருக்கு, நிறுத்திக்கிறேன்" என்றார். நிறுத்தினார், இறங்கினார். எனக்குப் பக்கத்தில் வாய் பிரிந்து கிடந்த சிமெண்ட் மூட்டையிலிருந்து ஒரு தூசிகூடப் பறக்கவில்லை.

மறுநாளும் காற்று. அடுத்த வாரம் இன்னும் காற்று. எஞ்சினியர் கெட்டவரில்லை. பருந்து பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று ஆளை ஏற்றிப் புது மீட்டர் மாட்டினார். அதற்கும் காற்று தெரியவில்லை என்றதும் அதையும் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினார். பாவம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கள்.

எனக்கு மட்டும் மூக்கு வியர்த்தது. காற்றுக்குப் பயந்து இறங்குகிறவர் தரையில் கால் பட்டதும் நின்று மூச்சு விடுவார். இவர் நேரே மூலையில் இருக்கும் கழிப்பறைக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு வழியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே நின்றேன்.

வெளியே வந்தவர் செருப்பை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா மாப்ள?"

"ரொம்ப நாளா மச்சான். திடீர்னு வருது. வந்தா நிக்க மாட்டேங்குது. அடக்கவும் முடியல. இறங்கறதுக்குள்ள உயிர் போயிடுது."

"மேலயே ஒரு பாட்டில் வெச்சுக்க வேண்டியதுதானே? எல்லாரும் செய்யறதுதான்."

"நாலு பக்கமும் கண்ணாடி மச்சான். எதிர்ல குடியிருப்பு. ஒரு அம்மா தினமும் துணி காயப்போடறாங்க, எனக்குக் கையாட்டுவாங்க."

 தங்கச்சியிடம் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். "அவகிட்டயா? மறுநாளே என்னையும் கண்ணாடிக் குழாயில தொங்க விட்டுடுவா" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவர் கண்டுபிடித்த வைத்தியம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் வாய் கொப்பளிப்பதோடு சரி. வெயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வரை உதட்டை நக்கிக்கொண்டே இருந்தார். இன்னொரு வைத்தியம், எதற்கும் இருக்கட்டும் என்று வழியில் கண்ட கழிப்பறைக்கெல்லாம் போய்விட்டு வருவது. இரண்டினாலும் உபத்திரவம் கூடியதே தவிரக் குறையவில்லை. சினிமாவுக்குப் போனால் ஓரத்து இருக்கை. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போக வேண்டுமென்றால் தலைவலி. தங்கை அதைத் தன்னோடு வெளியே வரப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாள். ராத்திரி எழுந்து எழுந்து போவதைக் கேட்டால் தூக்கம் வரவில்லை என்பாராம். வயசானால் மனுஷன் மாறிவிடுகிறார் என்று என்னிடம் வருத்தப்பட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அந்தச் சத்தியத்தை உடைக்க வைத்தவர் எஞ்சினியர்தான். மூன்றாவது மீட்டருக்கும் காற்று தெரியாமல் போனதும் அவருக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க மாப்பிள்ளைக்கு உயரம் பயமாயிடுச்சா?"

"என்ன சார் பேசறீங்க? அவருக்கா?"

"எனக்கும் நம்பத்தான் முடியல. ஆனா அடுத்த மாசம் குளிர்சாதன மெஷின் கப்பல்ல வருது. அதைப் பகுதி பகுதியா மேல் தளத்துக்கு ஏத்தணும். பாதியில விட்டுட்டு இறங்கற வேலை இல்ல. நெசமா காத்து அடிச்சா நிறுத்திக்கட்டும், மீட்டர்ல காட்டணும். அன்னைக்கு மீட்டர் காட்டாம அவர் இறங்கினா, வேற சைட் ஆளை ஏத்திடுவேன். இவருக்கு ஸ்டோர்ல வேலை தரேன். சம்பளம் குறையாது."

சம்பளம் குறையாதாம். பருந்தைப் பிடித்து ஆணி எண்ணச் சொல்கிறார். மாப்பிள்ளையிடம் சொன்னேன். அண்ணாந்து கேபினைப் பார்த்தார். நான் பார்க்கிற இடத்திலிருந்து அவர் அதைப் பார்த்து அன்றுதான் கண்டேன்.  வேலை முடிந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போய்க் குட்டை உடைத்துவிட்டேன்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையைக் கழுவினாள். பெரிய டம்ளரில் தண்ணீர் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அவர் வரும் வரை அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அவர் வந்தார். என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"குடிங்க" என்றாள்.

"அது வந்து..."

"முதல்ல குடிங்க. அப்புறம் வந்து போயி எல்லாம் பேசலாம்."

குடித்தார். அவளுக்குக் கோபம் அவருடைய சிறுநீர்ப்பையின் மேல் இல்லை, அவர் வறண்டு கிடந்ததன் மேல்தான். "ஊர்ல இருக்கற பன்னிப் பையையெல்லாம் கண்ணும் கருத்துமா பார்த்துக்கறேன். வீட்ல இருக்கறதைக் கோட்டை விட்டுட்டேனே" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டையும் ஒண்ணா சேர்த்துப் பேசாதம்மா" என்றார் மாப்பிள்ளை.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சர்க்கரை இல்லை, கிருமி இல்லை, கல் இல்லை. பை நிறைவதற்கு முன்பே அதன் தசை அவசரப்பட்டுச் சுருங்குகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். தண்ணீரை நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று போகவே கூடாது. அவசரம் வந்தால் ஓடாமல், இருந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்து, இடுப்புக்கு அடியில் உள்ள தசையைச் சுருக்கிச் சுருக்கி விட்டு, அந்த அலை கடந்து போகும் வரை காத்திருக்க வேண்டும். போகிற இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

அன்றிலிருந்து தங்கையின் ராஜ்ஜியம். "போகலாமா?" என்று இவர் கேட்பார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம்" என்பாள். வேலை நேரத்தில் போனில் கேட்டாலும் அதே பதில்தான். பள்ளிக்கூடத்தில்கூட மனுஷன் இவ்வளவு அனுமதி கேட்டிருக்க மாட்டார். சில நாள் கழித்துப் பார்த்தால் முன்னேற்றம் கடுகளவுதான். காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. மெஷின் கப்பலேறிவிட்டது என்று சேதி வந்தது. தங்கைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். கடைசியில், "சனிக்கிழமை என்கூட வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்றாள். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஆய்வுக்கூடம் சின்ன அறை. ஸ்பிரிட் வாசனை. ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், சுற்றிலும் வெந்நீர் ஓடுவதற்கு இரட்டைச் சுவர். உள்ளே கரைசலில் குமிழ் குமிழாக வாயு வந்துகொண்டிருந்தது. ஒரு குழாயில் வெளிறிய ஒரு கீற்று தொங்கியது. அடிநுனி கொக்கியில் மாட்டியிருந்தது, மேல்நுனியிலிருந்து ஒரு நூல் போய் ஒரு கருவியில் கட்டப்பட்டிருந்தது. மாப்பிள்ளை கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"கொக்கி, கயிறு எல்லாம் இருக்கே" என்றார்.

"பாருங்க" என்று தங்கை ஒரு மருந்தை ஒரு துளி விட்டாள். திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது. "இப்ப தசை சுருங்குது. பை இப்படிச் சுருங்கினாதான் உங்களுக்கு அவசரம் வருது."

அடுத்து வேறொரு மருந்தை விட்டாள். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோடு இறங்கத் தொடங்கியது. பொத்தென்று விழவில்லை. நிதானமாக, வழியில் சின்னச் சின்ன நெளிவுகள் எடுத்துக்கொண்டு, அந்த நெளிவுகளும் குறைந்து, அடியில் வந்து படுத்தது.

மாப்பிள்ளை இமை கொட்டாமல் பார்த்தார். "மெதுவா இறக்குது" என்றார். "யாரும்மா இறக்கறது?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் அவரைக் கூட்டி வந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தசைங்கறது கோடிக்கணக்கான செல். ஒவ்வொரு செல்லோட தோல்லயும் சின்னச் சின்னக் கதவு இருக்கு. உப்புல இருக்கற மின்னூட்டத் துகள் போக வர்ற கதவு. கால்சியத்துக்கு ஒரு கதவு, பொட்டாசியத்துக்கு வேற கதவு. கால்சியம் உள்ள வந்தா தசை இழுத்துப் பிடிக்கும். பொட்டாசியம் ஏற்கெனவே உள்ள நெறைய இருக்கு. அதோட கதவு திறந்தா அது வெளியே போகும். போகும்போது தன் மின்னூட்டத்தையும் எடுத்துட்டுப் போயிடும். அதனால செல்லுக்குள்ள மின்னழுத்தம் எறங்கும். அது எறங்கினா கால்சியம் கதவு தானா சாத்திக்கும். புதுசா கால்சியம் வராது, இருக்கறதையும் செல் அப்புறப்படுத்திடும். தசை தளர்ந்துடும். இப்ப நான் விட்டது பொட்டாசியம் கதவைத் திறக்கற மருந்து."

"நான் சாப்பிடற மாத்திரை இதுவா?"

"இல்ல. இதை அப்படியே சாப்பிட்டா ரத்தக் குழாயும் தளர்ந்து பிரஷர் எறங்கிடும், அங்கயும் இதே கதவு இருக்கு. உங்க மாத்திரை செல்லுக்கு வெளியில ஒரு மணியை அடிக்குது. சேதி உள்ள போய் பல வழியில தளர்த்துது. அதுல இந்த மாதிரிக் கதவு திறக்கறதும் ஒண்ணுன்னு சொல்றாங்க."

"மருந்து இல்லாதப்ப யாரு திறப்பா?"

"அதுதான் வேடிக்கை. பொட்டாசியம் கதவுல ஒரு ரகத்தைக் கால்சியமே தட்டித் திறக்கும். தசையை இழுக்க வெச்சதே, போதும் விடுன்னு சொல்லவும் ஏற்பாடு பண்ணிடுது. அதனாலதான் அலை வந்தாலும் கடந்து போயிடுது. பை நாள் பூரா செய்யற வேலை தளர்ந்து கிடக்கறதுதான். தளர்ந்து கிடந்தாதான் தண்ணியைத் தாங்கும். சுருங்கறது கொஞ்ச நேர வேலை."

மாப்பிள்ளையின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கீற்றைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். திறந்தால் உள்ளே மாத்திரை. ஒன்றுகூடக் குறையாமல் இருக்கும் போலிருந்தது.

தங்கை அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டாக்டர் பையைத் தளர்த்தற மாத்திரைன்னு சொன்னாரு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "தளர்ந்துட்டா தானா ஒழுகிடுமேன்னு பயந்துட்டேன். அங்க மேல, எல்லாரும் பார்க்கற கண்ணாடிப் பெட்டியில... அதான் வாயில போட்டுட்டு நீ திரும்பினதும் எடுத்துடுவேன். இறுக்கிப் பிடிச்சாதான் நிக்கும்னு ஒடம்பையே இறுக்கிப் பிடிச்சுட்டிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தங்கை என்னை முறைத்ததில் அடங்கிவிட்டது. இவ்வளவு நாளாக மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை இறுக்கிக்கொண்டு, பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தளர்வதுதான் தாங்குவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமா என்ன?

தங்கை திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "லோடை எறக்கும்போது கயிறை அவுத்தா விடறீங்க? பிடிச்சுட்டேதானே விடறீங்க? இதுவும் அப்படித்தான்" என்றாள். அவர் விழுங்கினார். இந்த முறை நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினார்.

அதற்கப்புறம் அவள் சொன்னபடி கேட்டார். கப்பலும் நல்ல மனசு பண்ணித் தாமதமாக வந்தது. காற்று நாளுக்கு நாள் குறைந்தது. ஒருநாள் மத்தியானம் வரை வாக்கியில் காற்று என்ற பேச்சே வரவில்லை. நான் சந்தேகப்பட்டு, "மாப்ள, இருக்கீங்களா?" என்று கேட்டேன். "இருக்கேன் மச்சான். அலை வந்துச்சு, போயிடுச்சு. எதிர்வீட்டு அம்மா புதுசா ரெண்டு தொட்டி வெச்சிருக்காங்க" என்றார். ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. தங்கை கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் ஏணியடியிலேயே இருக்கும். கீழே இறங்கிவந்துதான் குடிப்பார். மேலே எடுத்துக்கொண்டு போக அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மெஷின் வந்திறங்கிய அன்று காலை, அந்தப் பாட்டிலை அவர் தோள்பையில் தங்கையே வைத்து மூடிவிட்டாள். சைட் வாசலில், ஏறுவதற்கு முன் ஒருதரம் போய்வந்தவர் இன்னொருதரம் போகத் திரும்பினாராம். போனில் கேட்டதற்கு, "ஒண்ணு போதும்" என்று தங்கை சொல்லிவிட்டாள். அவர் செருப்பைக் கழற்றுமிடம் வரை ஏறுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

சின்னப் பகுதிகள் ஒவ்வொன்றாக ஏறின. எஞ்சினியர் என் பக்கத்திலேயே நின்றார், கையில் மீட்டரைக் காட்டும் கருவியோடு. ஒரு இலைகூட ஆடவில்லை. கடைசியாக இருப்பதிலேயே பெரிய பகுதி. ஒரு லாரி அளவு. கீழே ஆட்களை விலக்கினேன். தூக்கினார். மேல் தளத்துக்குச் சற்றுக் கீழே வந்தபோது வாக்கி கரகரத்தது.

"மச்சான், நிறுத்திக்கிறேன்."

 பாரம் வானத்தில் அப்படியே நின்றது. எஞ்சினியர் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ள?"

 மீட்டர் காட்டாத காற்றைச் சொல்லி அவர் இறங்கினால் கிரேன் கையை விட்டுப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, "வருது மச்சான்" என்றார். "போகட்டும். கொஞ்சம் இருங்க."

சைட் முழுக்கக் கேட்டது. கான்கிரீட் பம்பு நின்றது. மேலே கண்ணாடிக்குள் அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பது சின்னதாகத் தெரிந்தது. தோள் இறுகியிருக்கவில்லை. எனக்குத் தெரியும், அந்தத் தோளை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். கால்சியம் தட்டும், கதவு திறக்கும் என்று நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

"என்னப்பா வருது?" என்றார் எஞ்சினியர்.

"காத்து சார்."

"மீட்டர் ஒண்ணும் காட்டலியே."

"புது மீட்டர் சார். இன்னும் பழகல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்ணாந்து பாரத்தைப் பார்த்தார். அது ஒரு நூல்கூட ஆடவில்லை.

"போயிடுச்சு" என்றது வாக்கி.

"முழுசாவா?"

"முழுசா. காட்டுங்க மச்சான்."

கையைக் காட்டினேன். பாரம் ஏறியது, திரும்பியது, மேல் தளத்தில் போட்டிருந்த பீடத்தின்மேல் இறங்கியது. பட்ட சத்தம் கேட்கவில்லை. மேல் தளத்தில் இருந்தவர்கள் கையசைத்த பிறகுதான் இறங்கிவிட்டது என்று தெரிந்தது. எஞ்சினியர் என் வாக்கியை வாங்கினார்.

"பருந்து, நல்லா பண்ணீங்க. எறங்கி வாங்க."

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றார் மாப்பிள்ளை. "இவ்வளவு நாளா நான் சொன்ன காத்து எதுவும் காத்து இல்ல. ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு. எறங்கிப் போக வேண்டியிருந்துச்சு. வெளியில சொல்ல வெக்கம். இப்ப பரவாயில்ல."

எஞ்சினியர் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். "அப்ப நான் கழட்டிப் போட்ட அந்த ரெண்டு மீட்டரும்?"

"ரெண்டும் தங்கமான மீட்டர் சார்" என்றார் மாப்பிள்ளை.

கான்கிரீட் பம்புக்காரர் சிரித்த சிரிப்பு வாக்கி இல்லாமலே கேட்டது. எஞ்சினியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த தரம் நெசத்தைச் சொல்லுங்க. ஆளை மாத்திவிட்டுப் போயிட்டு வரலாம், அதுல என்ன இருக்கு. மேல உங்க இடம் உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு வாக்கியை என்னிடம் கொடுத்தார்.

 மேலே மாப்பிள்ளை தன் வாக்கியின் பொத்தானை அழுத்தியவர் விட மறந்திருக்கிறார். மூடி திருகும் சத்தம் கேட்டது. பிறகு மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம். வாக்கி வைத்திருந்த எல்லோருக்கும் கேட்டது. 

தங்கைக்குப் போன் போட்டேன். குழாய்ப் பக்கத்தில் இருந்தாள் போலிருக்கிறது, குமிழிச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதும்மா. இடம் அவருதுதான். மேலயே உக்காந்து தண்ணி குடிக்கிறாரு."

"மேலயா? எவ்வளவு?"

"பாட்டில் பூரா."

 மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் வழக்கமான அதிகாரக் குரலில் சொன்னாள்.

"அண்ணா, அவரை இறங்கி வரச் சொல்லு. இப்ப போகலாம்."